கழுத்துத் தகரம் முதல் கைப்பேசி வரை: சப்ரகமுவத் தோட்டங்களுக்குப் பொருளும் கடிதமும் போய்ச் சேர்ந்த வரலாறு

மலையகம் என்றதும் கடல் கடந்து வாழும் நம்மவர் பலருக்கு நுவரெலியாவும் ஹட்டனும் பதுளையுமே நினைவுக்கு வருகின்றன. இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களைக் கொண்ட சப்ரகமுவ மாகாணத்திலும் தேயிலையையும் இறப்பரையும் நம்பி வாழும் தமிழர் பல்லாயிரவர் உண்டு என்பதை நினைவில் வைத்திருப்போர் குறைவு. எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, புளத்கொஹுபிட்டிய, தெரணியகலை, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என நீளும் ஊர்ப் பெயர்களைச் சொன்னால்தான், "ஆமாம், அங்கும் நம்மவர் இருக்கிறார்கள்" என்பார்கள். நுவரெலியாவைப் போல மலைக்குமலை தொடர்ச்சியாகத் தோட்டங்கள் அமைந்த பிரதேசம் அன்று இது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிறு சிறு தீவுகளாகச் சிதறிக் கிடப்பவை இத்தோட்டங்கள்.

இத்தீவுகளுக்கு அரிசி எவ்வாறு வந்தது? கடிதம் எவ்வாறு வந்தது? கொண்டுவந்தவர் யார்? அவர் கையில் என்ன கருவி இருந்தது? எந்த நடைமுறைப்படி அவர் அதனை ஒப்படைத்தார்? தேயிலையின் வரலாற்றை எழுதியோர் பலர். அதனைச் சுமந்தோரைப் பற்றி எழுதியோர் சிலரே. இன்று மோட்டார் சைக்கிளின் பின்னால் பெரிய பையைக் கட்டிக்கொண்டு, கைப்பேசியைப் பார்த்துப் பார்த்துத் தோட்டப் பாதையில் ஏறிவரும் கூரியர் இளைஞனுக்கு நீண்டதொரு முன்னோர் வரிசை உண்டு. அவ்வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாவளம், படகு, கரத்தை

தெருக்கள் அமைவதற்கு முன்னர் மலைநாட்டுக்குப் பொருள் சென்றது பொதிமாடுகளின் முதுகில்தான். வரிசையாகச் செல்லும் இப்பொதிமாட்டுக் கூட்டத்தைத் தாவளம் என்பர். உப்பும் கருவாடும் துணியும் ஏறிச் செல்லும். பாக்கும் மிளகும் இறங்கி வரும். இரத்தினபுரியிலிருந்து பலாங்கொடை வழியாக ஊவாவை நோக்கி ஏறிய பாதை அத்தகையது. மறுபுறம் ஆறுகள் இருந்தன. இரத்தினபுரியிலிருந்து களு கங்கை வழியே களுத்துறைக்கும், றுவன்வெல்லப் பகுதியிலிருந்து களனி கங்கை வழியே கொழும்புக்கும் கூரை வேய்ந்த படகுகள் ஓடின. படகோட்டிக்கு ஆற்றின் நீர்மட்டமே நாட்காட்டி. மழை மிகுந்தாலும் ஓட இயலாது, குறைந்தாலும் ஓட இயலாது.

1820களில் ஆளுநர் எட்வர்ட் பான்ஸ் காலத்தில் கொழும்பு – கண்டித் தெரு அமைக்கப்பட்டது. கேகாலை, மாவனல்லை வழியாகக் கடுகண்ணாவைக் கணவாயில் ஏறும் அத்தெருவில் 1832ஆம் ஆண்டு குதிரைகள் பூட்டிய தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே இத்தகைய சேவை இதுவே முதலாவது என்று சொல்லப்படுவதுண்டு. அதற்கு முன்னர் கடிதப் பையைத் தோளில் சுமந்து ஓடிய அஞ்சலோட்டக்காரரே கொழும்பையும் கண்டியையும் இணைத்தனர். ஓர் ஓட்டக்காரர் குறித்த தூரம் ஓடி அடுத்தவரிடம் பையை ஒப்படைப்பார். பை நில்லாமல் செல்ல வேண்டும் என்பதே அந்நடைமுறையின் அடிப்படை.

கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது தெருவை ஆண்டது மாட்டு வண்டிதான். கரத்தை என்று இலங்கையில் வழங்கும் இவ்வண்டிகள் கொழும்பிலிருந்து அரிசியை ஏற்றிச் செல்லும். திரும்பும்போது கோப்பியை ஏற்றி வரும். தோட்டத் தொழிலாளர் உண்ட அரிசியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தது. ஆகவே துறைமுகத்துக்கும் லயத்து அடுப்புக்கும் நடுவே கரத்தைக்காரரின் மாடுகளே நின்றன. கொள்ளைநோய் வந்து மாடுகள் மடிந்த காலங்களில் அரிசி ஏறவில்லை. மலையில் பசி ஏறிற்று. அக்காலத்து வண்டிக்காரருக்கு இருந்த கருவிகள் வண்டியடியில் தொங்கும் ஒரு விளக்கு, ஒரு சாட்டை, மூட்டைகளின் தொகை எழுதிய ஒரு சீட்டு ஆகியவையே. தோட்டத்தில் மூட்டைகளை நிறுத்துப் பார்த்து, சீட்டில் கண்டபடி இருந்தால் ஒப்பமிடுவார்கள். குறைந்தால் வண்டிக்கூலியில் பிடிப்பார்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று ஒப்பமிடும் வழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

சிறு ரயிலும் பெட்டியின் முகவரியும்

கண்டிக்கு ரயில் 1867இல் சென்றது. அது கேகாலை மாவட்டத்தின் வட விளிம்பில் உள்ள றம்புக்கனையைத் தொட்டுச் சென்றதேயன்றி, களனிப் பள்ளத்தாக்குத் தோட்டங்களுக்குப் பயன்படவில்லை. கோப்பி நோயால் அழிந்து, 1880களில் தேயிலையும் அதன்பின் இறப்பரும் இப்பள்ளத்தாக்கில் பரவியபோது, தமக்கெனத் தனிப்பாதை வேண்டும் என்று தோட்டத்துரைமார் நெருக்கினர். இரண்டரை அடி அகலமே கொண்ட குறுகிய தண்டவாளப் பாதை 1902இல் அவிசாவளையையும் 1903இல் எட்டியாந்தோட்டையையும் அடைந்தது. மற்றொரு கிளை 1912இல் இரத்தினபுரியையும், பெல்மதுளை, காவத்தை வழியாக 1919இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது.

ரயில் வந்ததும் நடைமுறை மாறிற்று. முன்னர் கொழும்பிலிருந்து தோட்டத்து வாசல்வரை ஒரே கரத்தைக்காரரே பொறுப்பாளி. இப்போது பொறுப்பு கைமாறிக் கைமாறிச் சென்றது. தோட்டத்து வண்டி ரயில் நிலையத்துக்குக் கொண்டுசெல்லும். நிலையத்துப் பொதிக் களஞ்சியத்தில் சரக்குச் சீட்டு எழுதப்படும். கொழும்பில் முகவர் நிறுவனத்தின் ஆட்கள் பொறுப்பேற்பர். கை மாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு தாள், ஓர் ஒப்பம்.

இங்கே ஒரு விடயத்தை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தோட்டத்து ஸ்டோரிலிருந்து புறப்பட்ட ஒவ்வொரு தேயிலைப் பெட்டியின் பலகையிலும் தோட்டத்தின் பெயர், தேயிலையின் தரம், பெட்டியின் எண், பெட்டியோடு சேர்ந்த எடை, பெட்டி நீங்கலான எடை ஆகியவை மையால் பதிக்கப்பட்டிருந்தன. இலண்டன் மின்சிங் லேனில் அப்பெட்டியைத் திறப்பவர், அது எந்தத் தோட்டத்தில், எந்தத் தொகுதியில் நிரப்பப்பட்டது என்று சொல்லிவிட முடியும். அவ்வளவு துல்லியமான முகவரி பெட்டிக்கு இருந்தது. அதனை நிரப்பியவருக்கு இருந்ததா என்பதைப் பின்னர் பார்ப்போம்.

கழுத்தில் தொங்கிய தகரம்

பொருளுக்கு மட்டுமன்றி மனிதருக்கும் பொதியனுப்பும் நடைமுறை ஒன்று இருந்தது. 1901ஆம் ஆண்டு தகர டிக்கெட் முறை நடைமுறைக்கு வந்தது. தமிழகத்தில் ஆள்சேர்க்கப்பட்டு இலங்கைக்கு வரும் ஒவ்வொரு தொழிலாளியிடமும் சிறியதொரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. எந்தத் தோட்ட மாவட்டம், அதில் எந்தத் தோட்டம் என்பதைக் குறிக்கும் அடையாளங்கள் அதில் இருந்தன. அதனைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் அணிந்துகொண்டு வந்தனர். வழியில் உள்ள அதிகாரி எவரும் அந்த ஆளின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை, மொழியை அறிய வேண்டியதில்லை. தகரத்தைப் பார்த்தால் போதும். இன்ன கப்பல், இன்ன ரயில், இன்ன நிலையத்தில் இறக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். பயணச் செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டு, பின்னர் தொழிலாளியின் கடனாக மாறும்.

சப்ரகமுவத் தோட்டங்களுக்கு வந்தோரில் பலர் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறை முகாம் வழியாகக் கொழும்புக்குக் கப்பலேறி, ராகமை முகாமில் நோய்த்தடுப்புக் காவலில் இருந்து, பின் களனிப் பள்ளத்தாக்கு ரயிலில் ஏற்றப்பட்டனர். 1914இல் தலைமன்னார் வழிப் படகுச் சேவை தொடங்கியபின் மண்டபம் முகாம் முதன்மை பெற்றது. இன்று ஒரு பொதியின்மேல் கோடுகோடாக ஓர் அடையாளச் சீட்டை ஒட்டி, வழிநெடுக அதனைக் கருவியால் வாசித்து அனுப்புகிறார்களே, அதே தத்துவம்தான். அன்று அது மனிதரின் கழுத்தில் தொங்கிற்று.

தகரம் ஆளைக் கொண்டுவந்து சேர்த்தது என்றால், அவரைப் போகவிடாமல் நிறுத்தியது ஒரு தாள். "துண்டு" என்று பெயர். இத்தொழிலாளர்க்குரிய இவ்வளவு கடனைச் செலுத்தினால் அவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று ஒரு தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. கங்காணி அதனை எடுத்துக்கொண்டு வேறு தோட்டங்களுக்குச் சென்று பேரம் பேசுவார். துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

பூட்டிய தபால் பை

தோட்டத்துக்கு வந்துசேர்ந்தவர் ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும், ஊரிலிருந்து கடிதம் வர வேண்டும். இங்கேதான் தப்பால்காரர் என்று தோட்டங்களில் அழைக்கப்பட்டவர் வருகிறார். இவர் தபால் திணைக்களத்தின் ஊழியர் அல்லர்; தோட்டத்துத் தொழிலாளர் ஒருவரே. காலையில் பிரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும்போது ஒருவரைத் தபாலுக்கு என்று ஒதுக்குவார்கள். தோலாலோ கித்தானாலோ ஆன பூட்டுப் பையைச் சுமந்து அவர் சில மைல் தொலைவிலுள்ள தபாற் கந்தோருக்கு நடப்பார். பையின் சாவி ஒன்று துரையிடமும் மற்றொன்று தபால் அதிபரிடமும் இருக்கும். சுமப்பவரிடம் சாவி இல்லை. தாம் சுமப்பது என்ன என்று அறியாமல் மலையிறங்கி மலையேறுவதே அவர் தொழில்.

அவருடைய கருவிகளைக் கேட்டால் இன்றைய இளைஞர் வியப்பர். மழைக்குத் தலையிலிடும் சாக்குக் கொங்காணி, அட்டையை விலக்கக் காலில் தேய்க்கச் சவர்க்காரமோ சுண்ணாம்போ, கையில் ஒரு தடி. சில தோட்டங்களில் துரை பங்களாவுக்குரிய இறைச்சி, ரொட்டி முதலியவற்றைக் கொண்டுவரத் தனியாக ஒரு பெட்டிக்காரரும் இருந்தார். ரயிலில் கொழும்பிலிருந்து வரும் இறைச்சிப் பெட்டியை நிலையத்தில் பெற்று, கெட்டுப்போகுமுன் பங்களாச் சமையலறையில் சேர்ப்பது அவர் கடமை. குறித்த நேரத்துக்குள் உணவை வாசலில் கொடுக்கும் சேவை நகரத்துப் புதுமை என்று நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்கலாம்.

பை பங்களாவிலோ தோட்டக் கந்தோரிலோ திறக்கப்படும். துரையின் கடிதங்கள் முதலில், பின்னர் உத்தியோகத்தர்களுடையவை. தொழிலாளர் கடிதங்கள் கடைசியில் பெரிய கிளாக்கர் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கும். அவற்றைக் கங்காணியிடமோ கணக்கப்பிள்ளையிடமோ கொடுத்தனுப்புவர். அல்லது மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெயர் கூப்பிடுவர். முனியாண்டி என்று கூப்பிட்டால் நான்கு பேர் திரும்புவார்கள். ஆகவே ஊரிலிருந்து எழுதுவோர் தகப்பன் பெயர், கங்காணி பெயர், மேல்பிரிவா கீழ்ப்பிரிவா, எந்த லயம் என்று உறையை நிரப்பிவிடுவார்கள். தோட்டத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், தொழிலாளர் வழக்கில் வேறொரு தமிழ்ப் பெயர் என இரண்டு பெயர்கள் இருந்தமையும் ஒரு சிக்கல். பெர்குசனின் இலங்கைக் கைநூலில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்கள் தனியே பட்டியலிடப்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணமாக இருத்தல் வேண்டும்.

இந்நடைமுறையின் உள்ளே ஓர் அதிகாரம் ஒளிந்திருந்தது. கடிதம் யாருக்கு வருகிறது, எங்கிருந்து வருகிறது என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். தோட்டம் தனியார் நிலம். அத்துமீறல் சட்டம் காவல் நின்றது. வெளியார் உள்ளே வர அனுமதி வேண்டும். வரக்கூடியவர்களில் ஒருவர் புடவை மூட்டை சுமந்துவரும் வியாபாரி. தொழிற்சங்க முன்னோடியான கோ. நடேசய்யர் தோட்டங்களின் உண்மை நிலையை அறியப் புடவை வியாபாரி வேடத்திலேயே உள்ளே நுழைந்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பொருள் கொண்டுவருபவருக்கு மட்டுமே கதவு திறக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அவருடைய "தேசபக்தன்" பத்திரிகை 1924இல் வெளிவரத் தொடங்கியது.

லொறி, பஸ், பத்திரிகைக் கட்டு

முதலாம் உலகப் போருக்குப் பின் லொறி மெல்ல மெல்லக் கரத்தையின் இடத்தைப் பிடித்தது. மலையிலிருந்து கொழுந்து மூட்டைகளைக் கம்பிவடத்தில் இறக்கிய தோட்டங்களும் நாளடைவில் கொழுந்து லொறிக்கு மாறின. எட்டியாந்தோட்டைக்குச் சென்ற தண்டவாளங்கள் 1942இல், போர்க் காலத்தில், கழற்றப்பட்டன. அவிசாவளைக்கு அப்பால் ஓப்பநாயக்கவரை ஓடிய சிறு ரயிலும் 1970களில் நின்றது. அவிசாவளைவரை எஞ்சிய பாதை 1990களில் அகலப்பாதையாக்கப்பட்டது. இரத்தினபுரிக்கு இன்றும் ரயில் இல்லை.

லொறிச் சாரதியின் வருகை தோட்டத்தில் ஒரு புதிய மனிதரின் வருகை. கரத்தைக்காரர் மாட்டை நம்பினார்; ரயில்காரர் நேர அட்டவணையை நம்பினார்; லொறிச் சாரதி தம் கையையும் காலையும் நம்பினார். அவரிடம் ஓட்டப் பதிவேடு ஒன்று இருக்கும். புறப்பட்ட நேரம், மைல் கணக்கு, ஏற்றிய சுமை, இறக்கிய இடம், எரிபொருள் அளவு யாவும் அதில் எழுதப்பட்டு ஒப்பம் பெறப்படும். தேயிலைப் பலகைப் பெட்டி போய்ப் பல மடிப்புக் காகிதச் சாக்கு வந்தபோது ஏற்றுகூலிகளின் தோளுக்குச் சற்று ஓய்வு கிடைத்தது. மரத்தட்டில் அடுக்கி இயந்திரத்தால் தூக்கும் முறை கொழும்புக் களஞ்சியங்களில் வந்தபின் அத்தோளே தேவையற்றுப் போயிற்று.

1958இல் பஸ் சேவை அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியது. சிவப்பு பஸ்கள் கடிதப் பைகளையும் சுமந்தன. எமது பத்திரிகைகளையும் சுமந்தன. நான் இத்தொழிலில் இருந்த ஆண்டுகளில், வெளியூர்ப் பதிப்பு அச்சேறி முடியும் நேரம் எல்லாருக்கும் பதற்றமான நேரம். கட்டுகள் கட்டப்பட்டு, ஊர்ப்பெயர் எழுதிய தாள் ஒட்டப்பட்டு, வானில் ஏற்றப்படும். பலாங்கொடைக்கும் இறக்குவானைக்கும் செல்லும் கட்டு பஸ்ஸைத் தவறவிட்டால், அன்றைய செய்தி மறுநாள் பழைய செய்தியாகவே தோட்டத்தைச் சேரும். நிருபர்கள் தம் செய்திகளைத் தபாலுறையிலிட்டு பஸ் நடத்துநரிடம் கொடுத்தனுப்பிய காலமும் உண்டு. அந்த நடத்துநர்கள் அநேகமாகச் சிங்களவர். தாம் சுமந்த தமிழ்க் கட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே பொறுப்பாகக் கொண்டுவந்து சேர்த்தனர். அவர்களைப் பத்திரிகை வரலாறு எங்கும் குறிப்பிடுவதில்லை.

வாழ்வைத் தீர்மானித்த உறைகள்

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியபின், அவர்களுக்கு வரும் கடிதத்தின் தன்மையே மாறிவிட்டது. முன்னர் வந்தது சாவுச் செய்தி, கல்யாணச் செய்தி, ஊர் நிலவரம். இப்போது வந்தது அரசாங்க முத்திரையிட்ட நீள உறை. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டனர்; எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். விண்ணப்பம், விசாரணை அறிவித்தல், கடவுச்சீட்டு, புறப்படும் நாள் எல்லாமே தபாலில் வந்தன. குறித்த நாளில் விசாரணைக்குச் செல்லாதவரின் கோவை மூடப்படலாம். ஆகவே கந்தோர் மேசையில் ஓர் உறை எத்தனை நாள் கிடந்தது என்பது, ஒரு குடும்பம் எந்த நாட்டில் வாழும் என்பதைத் தீர்மானிக்கக்கூடிய விடயமாயிற்று.

போனவர்கள் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களிலும், கர்நாடகத்தில் சுள்ளியா, புத்தூர் பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களிலும், தமிழகத்தின் பல மூலைகளிலும் குடியேறினர். ஒரே லயத்தில் வாழ்ந்த அண்ணன் தம்பியர் கோத்தகிரிக்கும் காவத்தைக்குமாகக் கடிதம் எழுதிக்கொண்டனர். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் சப்ரகமுவத் தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கின. குறிப்பாக 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத்தில் லயங்கள் எரிக்கப்பட்டன. உயிர்தப்பியோர் பலர் வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் சென்றனர். எரிந்த லயத்துக்கு வந்த கடிதத்தைத் தப்பால்காரர் யாரிடம் கொடுப்பார்? "ஆள் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புவதைத் தவிர அவருக்கு வேறு நடைமுறை இல்லை. நீலகிரியிலிருந்து தங்கைக்கு எழுதிய அண்ணன், தன் உறையே திரும்பி வந்ததைக் கண்டுதான் நடந்ததை ஊகித்திருப்பான்.

கைப்பேசியும் "எங்கே நிற்கிறீர்கள்?" என்ற கேள்வியும்

1970களில் அரசுடைமையான பெருந்தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெருமளவில் முடிவு கண்டது. பிள்ளைகள் படித்தனர், கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் வேலைக்குச் சென்றனர். கைப்பேசி வந்தது. அதன்வழிப் பொருள் வாங்கும் வழக்கமும் வந்தது. இன்று தெஹியோவிட்டப் பக்கத்துத் தோட்டத்தில் வாழும் ஒரு பெண் கைப்பேசியில் சப்பாத்து ஒன்றைத் தெரிவு செய்தால், சில நாட்களில் கூரியர் இளைஞன் கொண்டுவந்துவிடுகிறான்.

அவனுடைய கருவிகள் அவன் முன்னோருடையவை அல்ல. வழிகாட்டும் வரைபடம் கைப்பேசியில் இருக்கிறது. பொதியின் சீட்டைக் கைப்பேசிக் கண்ணால் வாசிக்கிறான். ஒப்பத்தைத் திரையில் விரலால் வாங்குகிறான். பொதியைக் கொடுத்துப் பணத்தைப் பெறுவதும் அவன் பொறுப்பு. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியின்போது அவன் கைக்கு இன்னொரு கருவியும் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் அறிமுகமான, சதுரக் குறியீடு கொண்ட எரிபொருள் அனுமதி அது. 2023 செப்டெம்பரில் நிறுத்தப்படும்வரை அக்குறியீட்டைக் காட்டினால்தான் வாராந்தப் பெற்றோல் பங்கு கிடைத்தது. கரத்தைக்காரர் மாட்டுக்கு வைக்கோல் தேடியது போல, இவன் பெற்றோலுக்கு வரிசையில் நின்றான்.

இத்தனைக்கும் பின்னர் அவன் செய்வது என்ன? தோட்டத்துக்குக் கீழே, பெருந்தெருச் சந்தியில் வண்டியை நிறுத்திவிட்டு அழைப்பு எடுக்கிறான். "எங்கே நிற்கிறீர்கள்? கோயிலடிக்கு வாங்கோ" என்கிறான். ஏனெனில் அவன் கையிலுள்ள சீட்டில் பெயர் இருக்கிறது, தோட்டத்தின் பெயர் இருக்கிறது, தபாற் கந்தோரின் பெயர் இருக்கிறது. வீட்டு இலக்கம் இல்லை. பாதையின் பெயர் இல்லை. செய்மதி காட்டும் வரைபடத்தில் லயம் ஒரு நீண்ட கூரை மட்டுமே. அக்கூரையின் கீழ் எத்தனையாவது அறையில் எக்குடும்பம் வாழ்கிறது என்பதை எச்செய்மதியும் சொல்லாது.

பொதிக்காவது தொலைபேசி எண் உண்டு. அரசாங்கக் கடிதத்துக்கு அதுவும் இல்லை. தபால் ஊழியர் நேராக லயத்துக்கு வரும் தோட்டங்கள் இன்று உண்டு; கந்தோரில் கட்டாகக் கொடுத்துவிட்டுப் போகும் தோட்டங்களும் உண்டு. ஆசிரியபீடத்தில் இருந்த காலத்தில் எமக்கு வந்த வாசகர் கடிதங்களில், நேர்முகப் பரீட்சை முடிந்தபின் அதற்கான அழைப்பு கைக்குக் கிடைத்த கதைகளைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். அடகுக் கடையின் ஏல அறிவித்தல், நீதிமன்ற அழைப்பாணை, பல்கலைக்கழக அனுமதி ஆகியவை நாள் பிந்தியதால் ஏற்பட்ட இழப்பை எழுதியோரும் உண்டு. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று முடக்கத்தின்போது அரசாங்க ஆஸ்பத்திரிகளின் கிளினிக் மருந்துகளைத் தபால் ஊழியர்களே வீடுகளுக்குக் கொண்டுசென்றனர். நன்றிக்குரிய பணி அது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து காத்திருக்கும் முதியவருக்கு, வீட்டு முகவரி என்பது உறையில் எழுதும் நான்கு வரி மட்டுமல்ல என்பதை அம்முடக்கம் காட்டிற்று.

கருவி அன்று, உரிமை

இவ்வரலாற்றை வரிசைப்படுத்திப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. கொழும்புக்கும் தோட்டத்து வாசலுக்கும் இடையிலுள்ள தூரம் தாவளத்திலிருந்து கரத்தைக்கும், கரத்தையிலிருந்து ரயிலுக்கும், ரயிலிலிருந்து லொறிக்கும் மோட்டார் சைக்கிளுக்குமாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. கந்தோர் வாசலுக்கும் லயத்து வாசலுக்கும் இடையிலுள்ள சில நூறு யார் தூரம் மட்டும் ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. முன்னதை மாற்றியது கருவி. பின்னதைக் கருவியால் மாற்ற இயலாது. ஏனெனில் அது வீடு யாருடையது, நிலம் யாருடையது, பாதை யாருடைய பொறுப்பு என்ற கேள்வி.

தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது ஏனையோருக்குக் கிராம அலுவலர் உறுதிப்படுத்துவார். தோட்டத்தில் வாழ்பவருக்குத் தோட்ட அதிகாரியே உறுதிப்படுத்தும் வழக்கம் நீண்டகாலம் நிலவியதும் இதே காரணத்தால்தான். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புகளுக்குச் சேவையளிக்கச் சபைகளுக்கு வழியில்லாதிருந்தது. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. தனிவீட்டுத் திட்டங்களில் காணி உறுதியோடு குடியேறியோருக்கு வீட்டு முகவரி பெறுவதற்கான அடிப்படை கிடைத்திருக்கிறது. அவ்வீடுகளின் பெரும்பகுதி மத்திய மாகாணத்திலேயே கட்டப்பட்டது. தீவுகளாகச் சிதறிய சப்ரகமுவத் தோட்டங்களின் குரல் எப்போதும் கடைசியிலேயே கேட்கிறது.

செய்ய வேண்டியது பெரிய காரியமும் அன்று. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு வாசலுக்கும் ஓர் இலக்கம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் பூட்டுள்ள ஒரு தபால் பெட்டி. இரத்தினபுரிக்கு 70, கேகாலைக்கு 71 என்று தொடங்கும் ஐந்திலக்கத் தபால் குறியீடு ஏற்கெனவே இருக்கிறது. அதற்குக் கீழே எழுத வேண்டிய வரிகள்தாம் இல்லை. பிரதேச சபையும் தபால் திணைக்களமும் தோட்ட நிர்வாகமும் ஒரு மேசையில் அமர்ந்தால் சில மாதங்களில் ஒரு தோட்டத்தை முடித்துவிடலாம். 1901இல் தோட்டத்துக்கு ஓர் எண் கொடுத்து அதனைத் தொழிலாளியின் கழுத்தில் கட்ட இயன்ற நிர்வாகத் திறமை, அவருடைய கொள்ளுப்பேத்தியின் கதவில் ஓர் எண்ணைப் பதிக்க இயலாமற் போவதற்கு நியாயம் எதுவும் இல்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கனடாவிலோ இலண்டனிலோ நீலகிரியிலோ வாழும் வாசகர்களின் வீட்டு டிரங்குப் பெட்டிகளில், தோட்டத்துக்கு எழுதிய அல்லது தோட்டத்திலிருந்து வந்த பழைய உறைகள் இருக்கலாம். உள்ளே உள்ள கடிதம் குடும்பத்துக்குரியது. மேலே எழுதிய முகவரி வரலாற்றுக்குரியது. கங்காணியின் பெயர், பிரிவின் பெயர், மறைந்துபோன தோட்டத்தின் தமிழ்ப் பெயர், மூடப்பட்ட தபாற் கந்தோரின் முத்திரை ஆகியவை அதில் இருக்கும். அவற்றை எறிந்துவிடாதீர்கள். நம்மவர் எங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு, அவர்கள் கையாலேயே எழுதிவைத்த சாட்சியம் அதுதான்.